ஏப்ரல் பத்தாம் தேதி வீட்டுக்கு என்ன சேதி?

2024 ஏப்ரல் 8, திங்கட்கிழமை. மறுநாள் உகாதி. கர்நாடகப் பள்ளிகளில் ஐந்து, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் ரிசல்ட் வெளியாகிக்கொண்டிருந்த அதே நாளில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. தேர்வு முடிவுகளை நிறுத்திவையுங்கள். எந்தக் காரியத்துக்கும் கணக்கில் எடுக்காதீர்கள். மறு உத்தரவு வரும்வரை பெற்றோருக்கும் தெரிவிக்காதீர்கள் என்றது அது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து வயது. அது கணக்கில் எத்தனை வாங்கியது என்பதை அம்மா அப்பாவிடம் சொல்லலாமா கூடாதா என்ற வழக்கு டெல்லி வரைக்கும் போயிருந்தது. தொடக்க வகுப்புகளுக்கு மாநில அளவில் பொதுத் தேர்வு என்று 2022 டிசம்பரில் கர்நாடக அரசு அறிவித்ததில் ஆரம்பித்த வினை. யாரையும் ஃபெயிலாக்க மாட்டோம் என்றும் அரசு கூடவே சொன்னது. அப்படியானால் எதற்குப் பொதுத் தேர்வு என்று தனியார் பள்ளிச் சங்கங்கள் நீதிமன்றம் போயின. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ரத்து செய்வதும் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதிப்பதுமாக இரண்டு மார்ச் மாதங்கள் கழிந்தன. 2024இல் சில தாள்கள் எழுதி முடிந்து, மீதித் தாள்கள் பாதியில் நின்று, பிறகு திரும்பவும் தொடங்கின. எல்லாம் முடிந்து ரிசல்ட் வரும் நாளில்தான் இந்தத் தடை.

மைசூருவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் எவரிடமும் ஏப்ரல் பத்து என்று சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. கர்நாடகத்தின் பள்ளி ஆண்டு அங்கேதான் முடிகிறது. மறுநாள் ஏப்ரல் 11 முதல் கோடை விடுமுறை. மே மாதக் கடைசியில், பெரும்பாலும் 29ஆம் தேதி, திரும்பவும் மணி அடிக்கும். ஜூனில் பள்ளி திறந்து பழகிய தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கே மாற்றலாகி வந்த முதல் வருஷம், மே மாதம் முழுக்க ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று டிக்கெட் போட்டு முழிப்பது வழக்கம்.

பள்ளி ஆண்டு முடியும் ரிசல்ட் நாளை அரசுப் பள்ளிகளில் 'சமுதாயதத்த சாலே' என்ற நிகழ்ச்சியாகவும் நடத்துவார்கள். பெற்றோரை வரவழைத்து, பிள்ளை ஆண்டு முழுக்க எழுதியதையும் வரைந்ததையும் காட்டி, மதிப்பெண் அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அட்டையில் நான்கு வளரறி மதிப்பீடுகள், இரண்டு தொகுத்தறி மதிப்பீடுகள், பாடவாரியாக கிரேடு எல்லாம் இருக்கும். தனியார் பள்ளி என்றால் இதே சமாச்சாரம் பளபளப்பான தாளில், பிள்ளையின் போட்டோவோடு வரும். கீழே ஆசிரியரின் குறிப்பு: நல்ல பிள்ளை, இன்னும் முயற்சி தேவை. முப்பது பிள்ளைகளுக்கும் இதே வாசகம்.

அட்டையை வாங்கிய வீட்டுக்கு என்ன தெரிந்தது? பி பிளஸ் என்றால் பிள்ளைக்கு வகுத்தல் வருகிறதா, வரவில்லையா? புதுப் பாடத்தைத் தானாக எழுத்துக்கூட்டிப் படிக்குமா, இல்லை கேட்டதைத் திருப்பிச் சொல்கிறதா? விடுமுறை ஐம்பது நாளில் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு அட்டையில் பதில் இல்லை. மதிப்பெண், ஒரு பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வீட்டுக்கு வேண்டியது அதுவல்ல.

இதற்கு ஒரு விடையை மைசூரு மாவட்டமே முப்பது வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தது என்பதுதான் வேடிக்கை. அதுவும் நகரத்தில் இல்லை, கபினி அணைக்கு அப்பால்.

காட்டோரத்துப் பாடம்

மைசூருவிலிருந்து தென்மேற்கே போனால் ஹெக்கடதேவனகோட்டை. ஊர்க்காரர்கள் வாயில் ஹெச்.டி. கோட்டை. ஒரு பக்கம் நாகரஹொளே காடு, இன்னொரு பக்கம் பந்திப்பூர், தாண்டினால் கேரளத்தின் வயநாடு. ஜேனு குருபர், காடு குருபர் முதலிய பழங்குடியினரின் குடியிருப்புகளான ஹாடிகள் இங்கே அதிகம். 1970களில் கபினி அணையும் புலிகள் காப்பகமும் வந்தபோது இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல.

இந்தப் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு வேறு மாதிரி ஓடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை குடகில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பெற்றோர் ஜீப்பில் ஏறி எஸ்டேட்டுக்குப் போகும்போது பிள்ளைகளும் கூடப் போகும். தேன் காலம் வந்தால் காட்டுக்குள். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பும்போது வகுப்பில் பாடம் எங்கோ போயிருக்கும். பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், புரியாது. அடுத்த வாரம் வரமாட்டார்கள். இடைநிற்றல் என்று புள்ளிவிவரத்தில் பதிவாவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

1995 வாக்கில் இந்தத் தாலுக்காவின் ஆசிரியர்கள் சிலர் யுனிசெஃப் உதவியோடு ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷிவேலிக்குப் போனார்கள். ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய பள்ளி அது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கென்று அது நடத்திய சின்னச் சின்ன ஓராசிரியர் பள்ளிகளில் பத்மநாப ராவும் ரமாவும் ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். பாடப்புத்தகத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, எந்தப் பிள்ளை எந்த அட்டையில் இருக்கிறதோ அங்கிருந்து அதைக் கற்கவிடும் முறை. ஹெச்.டி. கோட்டை ஆசிரியர்கள் திரும்பி வந்து தங்கள் கையாலேயே கன்னட அட்டைகளை எழுதினார்கள், வரைந்தார்கள். பெயர் நலி கலி. ஆடிப்பாடிக் கற்பது.

வகுப்பறையே மாறியது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், தரையில் ஐந்து வட்டங்களாக உட்காருவார்கள். ஒரு வட்டத்துக்கு ஆசிரியர் முழுக்கத் துணை, இன்னொன்றுக்கு ஓரளவு, அடுத்த இரண்டில் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும், ஐந்தாவதில் தானே படிக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகைத் துண்டு. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, பிள்ளைகள் செய்ததையெல்லாம் தொங்கவிடும் 'கலிகா சப்பரா'. இன்றைக்கு வெயிலா மேகமா என்று பிள்ளைகளே குறிக்கும் வானிலைப் படம் ஒரு மூலையில்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சுவரில் தொங்கிய ஏணி. அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம், ஓர் எண். பிள்ளை ஏணியைப் பார்த்து, தன் படிக்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுக்கும். முடித்ததும் அடுத்த படி. வராவிட்டால் அதே படிக்கு வேறொரு பயிற்சி அட்டை. எஸ்டேட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்து வந்த பிள்ளைக்கு 'விட்டுப்போன பாடம்' என்று ஒன்று இல்லை. போகும்போது எந்தப் படியில் இருந்ததோ, அதே படியில் அதன் இடம் இருக்கும்.

என் பார்வையில் இதில் பெற்றோருக்குக் கிடைத்த லாபம்தான் யாரும் அதிகம் பேசாத லாபம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்கூட வகுப்பறைக்குள் வந்து, என் மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், மகளே சுவரைத் தொட்டுக் காட்ட முடியும். ஜூனில் இங்கே இருந்தேன், இப்போது இங்கே இருக்கிறேன் என்று. பி பிளஸ் என்றால் என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எங்கே என்பது இரண்டாம் பட்சம்.

மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் வழியாக நலி கலி பக்கத்துத் தாலுக்காக்களுக்குப் பரவியது. 2009இலிருந்து மாநிலம் முழுக்க அரசுக் கன்னடப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது.

சென்னைக்கு வந்த ஒன்றுவிட்ட தம்பி

தமிழ் வாசகர்களுக்கு இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். இருக்கத்தான் செய்யும். அதே ரிஷிவேலியிலிருந்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்ததுதான் செயல்வழிக் கற்றல். அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் 13 பள்ளிகளில் தொடங்கினார். 2007இல் தமிழ்நாடு முழுக்கப் போனது. ஏணி, அட்டை, வட்டம், கை எட்டும் கரும்பலகை, வானிலைப் படம், பிள்ளைகளே போடும் வருகைப் பதிவு எல்லாம் இங்கும் இருந்தன. இரண்டும் ஒரே வீட்டில் கற்றுக்கொண்டு வந்தவை.

இரண்டுக்கும் வந்த சோதனையும் ஒன்றே. காட்டோரத் தாலுக்காவில் ஆசிரியர்கள் தாங்களே விரும்பிச் செய்தது, மாநிலம் முழுக்கச் சுற்றறிக்கையாக இறங்கியபோது வேறொன்றாகிவிட்டது. அட்டைகள் கிழிந்தால் மாற்று வருவதில்லை. நாற்பது பிள்ளைகளின் படிகளைத் தனித்தனியாகக் கவனிப்பது ஓர் ஆசிரியருக்கு முதுகை ஒடிக்கும் வேலை. அதோடு பதிவேடுகள் வேறு. பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டு வருவதில்லை, வீட்டுப்பாடம் இல்லை, தரையில் உட்கார்ந்து விளையாடுகிறது, இதுவா படிப்பு என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஏணியைக் காட்டிப் பதில் சொல்லியிருக்கலாம். பெரும்பாலான இடங்களில் யாரும் கூப்பிட்டுக் காட்டவில்லை. சேதி சொல்லத் தெரிந்த ஒரு முறை, தன்னைப் பற்றிய சேதியை வீட்டுக்குச் சொல்லத் தவறியது. ஆங்கில வழி என்ற பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்கு நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அதே எண்ணத்தின் மறுவருகைதான். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். உங்கள் மகன் மொட்டு நிலையில் இருக்கிறான், சொற்களைப் படிக்கிறான், கதை படிக்க இன்னும் வரவில்லை என்று ஆசிரியர் ஒரு தந்தையிடம் சொன்னால் அவருக்கு அது விளங்கும். வேலை விட்டு வந்ததும் மகனோடு உட்காரவும் ஒரு பிடி கிடைக்கும்.

யாதவகிரிக்காரர் ஒருவரின் மார்ச் மாதம்

மைசூருவில் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஆர்.கே. நாராயணை விட்டுவிட்டுப் போக முடியாது. சென்னை புரசைவாக்கத்தில் பிறந்த தமிழர். அப்பா மைசூரு மகாராஜா உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். மகனோ பி.ஏ. முடித்துச் சன்னபட்டணத்தில் வாத்தியாராகச் சேர்ந்து, சில நாள்களிலேயே வேண்டாம் சாமி என்று திரும்பி வந்தவர். 1935இல் வந்த அவருடைய முதல் நாவலில் ஏப்ரல் தேர்வும், அதற்கு முந்தைய வாரங்களில் வீட்டில் மாறிப்போகும் முகங்களும், கடைசித் தேர்வு முடிந்த சாயங்காலக் களேபரமும் இருக்கின்றன. தொண்ணூறு வருஷமாகியும் அந்தப் பக்கங்களில் தூசி படியவில்லை.

நாவலைவிட இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் 1989இல் மாநிலங்களவையில் ஆற்றிய முதல் உரை. நியமன உறுப்பினராக இருந்தவர், எண்பதைத் தாண்டிய வயதில் எழுந்து நின்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் புத்தகப் பையின் எடை. கூன் விழுந்த சின்ன முதுகுகளைப் பற்றிப் பேசினார். அந்த உரை கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக 1992இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. 1993இல் அறிக்கை தந்தது. பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதன் பாரமே பெரிது என்பது அதன் சாரம்.

கர்நாடகம் 2019இல் பைக்கு எடை வரம்பு விதித்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. மூன்று முதல் ஐந்து வரை இரண்டிலிருந்து மூன்று கிலோ. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பையே இல்லாமல் வரும் 'சம்பிரம சனிவாரா'வும் வந்தது. யாதவகிரியில் நாராயண் வாழ்ந்த வீடு 2016 முதல் நினைவில்லம். பக்கத்துத் தெருவில் காலை எட்டரைக்கு நின்று பார்த்தால் வரம்பு எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும், தராசு தேவைப்படாது.

தாமதமாக வரும் தாக்கீது

இளவேனிலில் வீட்டுக்கு வர வேண்டிய இன்னொரு சேதி, அடுத்த வருஷத்தைப் பற்றியது. எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, எவ்வளவு ஃபீஸ். இதில் கர்நாடகப் பெற்றோர் பட்டபாடு தனிக் கதை.

ஜூன் 1ஆம் தேதி ஆறு வயது நிறைந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்று 2022இல் அரசு உத்தரவிட்டது. ஏற்கெனவே எல்.கே.ஜி. சேர்ந்துவிட்ட பிள்ளைகளை என்ன செய்வது என்ற கூச்சல் எழுந்ததும், 2025-26இலிருந்து அமல் என்று தள்ளிவைத்தார்கள். 2025 வந்தது. யு.கே.ஜி. முடித்து, ஆறு நிறைய இரண்டு மூன்று மாதம் குறைகிற பிள்ளைகள் ஏராளம். அவர்கள் யு.கே.ஜி.யையே திரும்பப் படிக்க வேண்டுமா? பெற்றோர் மனுவோடு அலைந்தார்கள். ஏப்ரல் 16ஆம் தேதி கல்வி அமைச்சர் மது பங்காரப்பா அறிவித்தார்: இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் ஐந்து வருஷம் ஐந்து மாதம் நிறைந்தால் போதும். அப்போது பள்ளிகள் மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. தனியார் பள்ளிகளில் சேர்க்கை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அரசின் விதி சரியா தப்பா என்பது வேறு. ஆறு வயது என்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் பிறந்த தேதியை யாரும் மாற்ற முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்பே தெரிந்த கணக்கை ஏப்ரல் நடுவில் போட்டுக்கொண்டிருப்பது என்ன நிர்வாகம்?

தமிழ்நாடு இதில் சிரிக்க இடமில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கான விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். 2025இல் ஒன்றிய அரசு நிதி தராத தகராறில் அது அக்டோபர் வரை தொடங்கவே இல்லை. காத்திருந்த குடும்பங்கள் ஜூனில் கடன் வாங்கி ஃபீஸ் கட்டின. கர்நாடகத்தில் அந்த 25 சதவீதமே 2019 வாக்கில் பெருமளவு சுருங்கிவிட்டது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இடம் கிடையாது என்று விதியைத் திருத்திவிட்டார்கள்.

ஐம்பது நாள்

ஏப்ரல் 11க்குப் பிறகு மைசூரு நகரத்துக்கு இரண்டு பெரிய விஷயங்கள். ஒன்று ரங்காயணத்தின் சின்னர மேளா. பி.வி. காரந்த் 1989இல் உருவாக்கிய அரசு நாடக நிறுவனம் கோடையில் தன் வளாகத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுகிறது. பாட்டு, பொம்மை, முகமூடி, கடைசியில் பிள்ளைகளே போடும் நாடகங்கள். இடத்துக்குக் கடும் போட்டி. இரண்டாவது, 1892இல் தொடங்கிய சாமராஜேந்திர விலங்குக் காட்சிச்சாலை நடத்தும் கோடை முகாம். இரண்டுமே அரசு நிறுவனங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற ஊர்களில் கோடை முகாம் என்றாலே அபாகஸும் கோடிங்கும்தான்.

நகரத்தை விட்டு வெளியே வந்தால் விடுமுறையின் முதல் சேதி, மதியச் சோறு நின்றுவிட்டது என்பது. 2013 முதல் பள்ளியில் கிடைத்துவரும் பால், 2024இல் சேர்ந்த ராகி மால்ட், வாரத்தில் ஆறு நாளாக உயர்ந்த முட்டை எல்லாமே ஏப்ரல் பத்தோடு நிற்கும். விதிவிலக்கு 2024. முந்தைய பருவமழை பொய்த்து மாநிலத்தின் 223 தாலுக்காக்கள் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டிருந்ததால், அந்தத் தாலுக்காக்களில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தொடர ஏற்பாடு செய்தார்கள். பசி வறட்சி வருஷத்தில் மட்டுமா வரும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சேதியெல்லாம் எந்த வழியாகப் போகிறது? இப்போது எல்லாம் வாட்ஸ்அப் குரூப்தான். தனியார் பள்ளி என்றால் ஆங்கிலத்தில் ஒரு பி.டி.எஃப். அரசுப் பள்ளி என்றால் கன்னடத்தில் துறையின் சுற்றறிக்கையை அப்படியே படம் பிடித்து அனுப்புவார்கள். மேலதிகாரிக்கு எழுதிய நடையில் இருக்கும். வீட்டில் தமிழோ உருதுவோ தெலுங்கோ பேசுகிறவர்கள் இந்த நகரத்தில் எத்தனையோ பேர். ஹாடிகளில் ஜேனு குருப மொழி. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இதே மைசூருவில், மானசகங்கோத்திரியில் இருக்கிறது. பிள்ளைகள் தாய்மொழியில் கற்க வேண்டும் என்று அதன் முதல் இயக்குநர் டி.பி. பட்டநாயக் காலத்திலிருந்தே பேசிவருகிறார்கள். பிள்ளை கற்பது இருக்கட்டும். பள்ளி திறக்கும் தேதியை மட்டுமாவது பாட்டிக்குப் புரியும் மொழியில் ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்ப என்ன செலவாகிவிடும்?

பெற்றோரே கேட்க ஓர் இடம் இருக்கிறது. 2001இல் கர்நாடகம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் எஸ்.டி.எம்.சி. என்ற குழுவை அமைத்தது. பெற்றோரே அதன் பெரும்பான்மை. கட்டாயக் கல்விச் சட்டம் நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கொண்டுவருவதற்கு எட்டு வருஷம் முந்தைய ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாளில் மாநிலம் முழுக்கப் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துக் கூட்டம் நடத்தினார்கள். மைசூருவின் குழுக்களில் பலவும் காம்பவுண்டுச் சுவர், கழிப்பறை, கட்டட நிதி என்றே பேசி முடிக்கின்றன. அவையும் வேண்டும்தான். ஆனால் மூன்றாம் வகுப்பில் எத்தனை பேருக்கு வாசிக்க வருகிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கும் உரிமையும் அதே குழுவுக்கு இருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஏற்ற நாள் ஏப்ரல் பத்து. ஊரே பள்ளியில் இருக்கும் நாள் அது ஒன்றுதான். மே மாதக் கடைசியில் தோரணம் கட்டி, இனிப்புக் கொடுத்து, 'பிராரம்போத்ஸவ' நடக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.